சிங்கம் போட்ட பெட்டி

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று கோடு போட்டுவிடுவான். என் பழைய ஆல்ட்டோ, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் 'கீச்ச்' என்று கத்த ஆரம்பித்தபோது எனக்குக் கேட்டது செலவின் குரல்தான்.

"பேட் தேஞ்சிருச்சு சார். கத்தறதுக்குன்னே அதுல ஒரு தகடு வெச்சிருக்கான்" என்றார் தெரு மெக்கானிக்.

சென்னை ஜி.பி. ரோடுக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையையும் பார்த்தார். மூன்று பெட்டிகளை எடுத்துப் போட்டார். முதலாவது கார் கம்பெனி முத்திரையுடன் 1,400 ரூபாய். இரண்டாவது, பிரேக் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு கம்பெனியுடையது, 850. மூன்றாவதில் ஒரு சிங்கம் கர்ஜித்துக்கொண்டிருந்தது. செய்தவர் பெயர், ஊர், பேட்ச் நம்பர்... மூச்! விலை 350.

சிங்கத்தை வாங்கினேன். 850-க்கு வாங்காததில் 500 ரூபாய் லாபம் என்று மனசுக்குள் வரவு வைத்தேன்.

அந்த மே மாதம் ஏற்காடு. பின்சீட்டில் மாமியார். சேலம் பக்கம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன் (இது என் தப்பு, சிங்கத்தின் மேல் போட முடியாது). ஏழெட்டு வளைவு தாண்டியதும் கருகல் வாசனை. "முன்னாடி போற வேன்லேர்ந்து வருது அத்தை" என்றேன். அடுத்த வளைவில் மிதித்தால்... பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது!

செகண்ட் கியர், ஃபர்ஸ்ட் கியர், கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்ட் பிரேக். மலைச்சரிவுப் பக்கமாக உரசி ஒருவழியாக நின்றது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அரை மணி நேரம் ஆறவிட்டு, ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

"மட்டமான பேட்ல இருக்கிற பிசின் சூடு தாங்காது சார். ஆவியாகி டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவுல நின்னுக்கும். நீங்க மிதிச்சது அந்தக் காத்தைத்தான்" என்றார் மெக்கானிக், சக்கரத்தைக் கழற்றியபடி.

டிஸ்கைப் பார்த்தால் பழைய கிராமபோன் தட்டு மாதிரி வரி வரியாக. லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாமே என்றேன். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருந்ததைக் காட்டினார். அளந்தால் ஏற்கெனவே விளிம்பில்தான் இருந்தது. கடைந்தால் அதற்கும் கீழே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இரண்டு டிஸ்குமே புதுசு. லாபக் கணக்கை அப்போதே கிழித்துப் போட்டேன்.

ஆபீஸ் நண்பன் ஒருவன், "ரேஸ் பேட் போடுடா!" என்றான். அது நன்றாகச் சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். காலை எட்டரைக்கு வடபழனி சிக்னலில் எங்கே போய்ச் சூடேற்றுவது? செராமிக்கில் சத்தமும் கறுப்புத் தூளும் குறைவு, விலை அதிகம். உலோகத்தூள் கலந்தது சூடு தாங்கும். ஆனால் டிஸ்கைக் கொஞ்சம் சாப்பிடும். ஆபீஸ் போய் வரும் காருக்கு அந்த 850 ரூபாய்ப் பெட்டியே போதும். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பேடைத் தாங்களே செய்வதில்லை. பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா மாதிரி பிரேக் கம்பெனிகளிடம்தான் வாங்குகின்றன. மீதி விலை முத்திரைக்கு! என்ன, அதிலும் டூப்ளிகேட் வரும். பார்ட் நம்பர் நம் வண்டியின் மாடலுக்கும் வருஷத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் முகம் சுருங்கியது.

பழைய தூளை மெக்கானிக் பையன் வாயால் ஊதப் போனான். தடுத்தேன். மலிவுப் பேடில் கல்நார் இருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். புது பேடும் டிஸ்கும் பழகும்வரை, முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு, அவசரம் இல்லாவிட்டால் அழுத்தி மிதிக்காதீர்கள் என்றார் மெக்கானிக்.

போன வாரம் மனைவி, "திருவண்ணாமலை போலாமாங்க? வண்டிதான் இப்ப நல்லாயிடுச்சே" என்றாள்.

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "பஸ்லயே போயிடலாமே, மாப்பிள்ளை!"