காங்கேசன்துறையிலிருந்து பதுளை வரை

காங்கேசன்துறையில் தண்டவாளம் கடற்கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணக்கல் தரை, பனங்கூடல், கிணற்றுத் தண்ணீர், இவைதான் எங்கள் நிலம். சித்திரை வெயில் ஏறியதும் வீட்டுக்கு வீடு நுவரெலியாப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. பலர் வான் பிடித்து இரவோடிரவாகப் போய் இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தை ரயிலில், பகல் வெளிச்சத்தில் போகவேண்டும். ஐந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதை, குளிரோடு சேர்த்து எங்கள் வரலாற்றையும் காட்டும்.

வடபாதையின் முதல் துண்டு 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே திறந்தது. 1905இல் பொல்கஹவெல வரை பாதை முழுமை பெற்றது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் போர் அதை நிறுத்தியது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் காணாமற்போயின. ரயிலைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் மீண்டு வந்தது.

ஆனையிறவின் உப்பளம் கடந்தால் கிளிநொச்சி, பிறகு வவுனியா. மலையகத்தை முதலில் சந்திப்பது இங்கேதான். 1977இல் தமிழருக்கெதிராக நடந்த வன்செயலுக்குத் தப்பி, மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இந்த மண்ணில் வாழ்கின்றன. அடுத்து மதவாச்சிச் சந்தி. தலைமன்னார்ப் பாதை பிரியும் இடம். அந்தப் பாதை வருமுன், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் பிடித்து வரப்பட்டவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் வழிவந்தவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. ரயிலில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியவர்களும் இதே சந்தியைக் கடந்துதான் போனார்கள்.

அநுராதபுரம், மாகோ, குருநாகல் கடந்து பொல்கஹவெலயில் இறங்கி மலைநாட்டு ரயிலுக்கு மாறவேண்டும். றம்புக்கனையில் ஏற்றம் தொடங்குகிறது. 44 அடி ஓடினால் ஓரடி உயரும் சாய்வு அது. டார்ஜிலிங்கில் இமயமலை ஏறும் ரயில் இரண்டடி அகலப் பாதையில் ஓடும் சின்ன வண்டி. ஊட்டி ரயிலுக்குப் பற்சக்கரம் வேண்டும். எங்களுடையதோ ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை, பற்சக்கரமும் கிடையாது. வளைந்து வளைந்தே ஏறிவிடுகிறது. கடுகண்ணாவைக்கு முன் ஒரு பக்கம் குடைந்த பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, எதிரே பத்தலேகல மலை.

1867இல் கண்டியை எட்டிய இந்தப் பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை வந்தது. தேயிலையோடு பாதையும் ஏறி 1885இல் நானுஓயாவைத் தொட்டது. ஹட்டன் தாண்டினால் தலவாக்கலைப் பக்கம் சென்கிளயர் அருவி ஜன்னலில் தெரியும். அதற்கு முன்னே, சரிவில் நிரையாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்களைப் பாருங்கள். கொழுந்துப் பையின் கயிறு நெற்றியில் இறுகியிருக்கும். விரல்கள் இரண்டிலையும் மொட்டும் கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னே வீசும். ரயில் கடந்துபோனாலும் கை நிற்காது. சற்றுத் தள்ளி லயம். ஓரறை, ஒரு குசினி, அதில் ஒரு குடும்பம். அங்கே பேசுவது தமிழ்.

1948இல் இவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம் இந்தக் கேள்வியில்தான் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எங்கள் பாதை தொடங்கும் ஊரின் அரசியல் இந்தத் தேயிலைச் சரிவோடு அன்றே பின்னிப்போனது.

நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்குவார்கள். நேரமிருந்தால் இறங்காமல் தொடருங்கள். பட்டிப்பொல, இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம். அதற்கும் ஒஹியாவுக்கும் இடையே 1,898 மீற்றரில் பாதையின் உச்சி. அங்குள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலில் வெளிவருவதுண்டு. மேற்குச் சரிவு தென்மேல் பருவக்காற்றின் மழையை வாங்குகிறது. கிழக்கே ஊவா நிலத்துக்கு வடகீழ்ப் பருவமழையே பெரிது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை நிரப்புவதும் அதே மழைதான்.

அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல தாண்டினால் உருக்கில்லாமல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகிறது. 1924இல் பதுளையை அடைந்ததும் பாதை முடிந்தது.

விடுமுறைக்கு மலையகம் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூங்காவும் ஏரியும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஒரு பின்னேரமாவது ஒரு தோட்டத்து மனிதரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நாள் சம்பளம் எவ்வளவு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வீட்டுக் காணி யார் பெயரில் என்று கேளுங்கள். அந்தக் குளிரை நாம் அனுபவிக்கச் சரிவுகளைத் திருத்தியவர்கள் அவர்களே. அவர்களை அறியாமல் மலையகம் பார்த்தேன் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.