ஒரு இலை... நாலு வாத்தியார்!

கோவில்பட்டின்னதும் நாக்கு கடலை மிட்டாயைத் தேடுதா? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாயாச்சே, தப்பே இல்லை. ரெண்டு பாக்கெட் வாங்கிக்கிட்டு விளாத்திகுளம் போற பஸ்ஸுல ஏறுங்க.

ஊர் தாண்டினா ரெண்டு பக்கமும் கரிசல். கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். மழை விழுந்தா உங்க செருப்பைப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடாது! தை மாசம் போனீங்கன்னா உளுந்து, கம்பு, மிளகாய்க்கு நடுவுல மஞ்சள் பூவோட ஒரு செடியைப் பார்க்கலாம். 'அவுரி'ன்னு சொல்வாங்க. மழையை மட்டும் நம்பி வளர்ற மானாவாரிப் பயிர். இலையையும் காயையும் காயவச்சு மூட்டை கட்டினா, தூத்துக்குடி துறைமுகம் வழியா கடல் தாண்டிப் போயிடும். உலக மருந்துச் சந்தையில இதுக்குப் பேரு 'திருநெல்வேலி சென்னா'.

இந்தச் செடியை எதுக்குக் காட்டறேன்னு கேட்கறீங்களா? இங்கிருந்து தெற்கே சுமார் 55 கிலோமீட்டர்ல, பாளையங்கோட்டையில, 1964-ல் தொடங்கின அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு. ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து அஞ்சரை வருஷப் படிப்பு. சித்தா காலேஜ்னா பாடம் எடுக்கிறவங்க எல்லாருமே சித்த மருத்துவர்கள்னு நினைச்சா, அது தப்புக் கணக்கு. தாவரவியல் படிச்சவங்க, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல்காரங்க, எம்.பி.பி.எஸ். டாக்டர்கள், தமிழ் வாத்தியார்னு கலவையான கூட்டணி அது.

இங்கதான் நம்ம ஆளுங்க ஆட்டத்தை ஆரம்பிப்பாங்க. வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு உயிர்வேதியியல் வகுப்புன்னா கொட்டாவி. எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்காம வந்தவருக்கு சித்தா வகுப்புன்னா கடைசி பெஞ்ச். பாடத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடியே 'இவர் நம்ம ஆளா, வெளி ஆளா'ன்னு முடிவு பண்ணி, காதை மூடிக்கிறாங்க!

சரி, நாலு வாத்தியார்களை இந்த வயக்காட்டுக்கே கூட்டிட்டு வந்ததா வச்சுக்குவோம்.

தாவரவியல்காரர் முதல்ல பேரைப் பிடிப்பார். சித்த மருத்துவ நூல்கள்ல 'அவுரி'ன்னா நீலி, அதாவது நீலச் சாயம் தர்ற வேற செடி. இங்கே நிக்கறது நிலவாகை. ஊர்ப் பேரை மட்டும் நம்பி இலை வாங்கினா, சரக்கே மாறிடும். அந்தக் கடிச்சுக் குதறுற லத்தீன் பேரு எதுக்குன்னு இப்ப புரியுதா?

குணபாடம் எடுக்கிறவர், இது மலத்தை இளக்கும், எந்தச் சரக்கோட எந்த அளவுல சேர்க்கணும்னு சொல்வார். நிலவாகைச் சூரணம் அவங்க கைவசம் இருக்கிற மருந்துதானே!

நுண்ணுயிரியல்காரர் குடலுக்குள்ளயே கூட்டிட்டுப் போவார். இலையில இருக்கிற சென்னோசைடு இரைப்பையில ஒண்ணும் செய்யாது. பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற பாக்டீரியா அதை உடைச்ச பிறகுதான் வேலையைக் காட்டும். அதுக்கு 6-லிருந்து 12 மணி நேரம் ஆகும். ராத்திரி சாப்பிட்டா காலையில பலன் தெரியறது இதனாலதான்.

கடைசியா, உடல் தத்துவம் எடுக்கிறவர் எச்சரிக்கை மணி அடிப்பார். இதை நாள் கணக்கா அளவில்லாம சாப்பிட்டா உடம்புல நீரும் பொட்டாசியமும் குறையும். பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா இதயத் துடிப்பே தடுமாறும்.

இதுல எந்த வகுப்புல நீங்க தூங்கலாம்? முதல் வகுப்புல தூங்கினா தப்பான இலை, ரெண்டாவதுல தப்பான அளவு. மூணாவதுல தூங்கினா, ஒரு மணி நேரத்துல பலன் தெரியலைன்னு நோயாளிக்கு இன்னொரு ஸ்பூன் கொடுப்பீங்க. நாலாவதுல தூங்கினா, மயங்கி வர்ற அதே ஆளுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம முழிப்பீங்க. உங்க தூக்கத்துக்கு விலை கொடுக்கப் போறது அவர்தான் பாஸ்!

ஃபார்மஸி, நர்சிங், பிசியோதெரபி மக்களே, உங்களுக்கும் இதே கதைதான். நோட்டுல ஒரு பக்கம் எடுத்துக்கங்க. நடுவுல ஒரு மருந்தோட பேரை எழுதி, சுத்தி நாலு கட்டம் போடுங்க. ஒவ்வொரு வாத்தியார்கிட்ட கேட்டதையும் ஒவ்வொரு கட்டத்துல எழுதுங்க. எந்தக் கட்டம் காலியா இருக்கோ, நாளைக்கு அந்த வகுப்புல முதல் பெஞ்ச்ல உட்காருங்க!