எறும்பு கடிச்ச மாதிரி!

போன ஞாயிற்றுக்கிழமை. கப்பலூரில் அண்ணன் வீட்டுத் திண்ணை. சிட்கோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், வயது 24, தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் குனிந்தான். உச்சியில் வெளிச்சம் அடித்தது.

''சித்தப்பா, உண்மையைச் சொல்லுங்க. வலிக்குமா?''

கையில் ஒரு நோட்டீஸ். 'வலி இல்லை, தழும்பு இல்லை, அன்றே வீடு திரும்பலாம்.' கீழே கொட்டை எழுத்தில் தள்ளுபடி.

அவன் ஏன் என்னிடம் கேட்கிறான்? இந்தப் பக்கத்தின் மேலே சிரிக்கிற என் போட்டோவைப் பாருங்கள். நெற்றிக்கு மேலே இருப்பது முழுக்கச் சொந்த முடிதான். ஆனால், சொந்த ஊர் அது இல்லை. பின்மண்டையில் பிறந்து, மூன்று வருடங்களுக்கு முன் முன்மண்டைக்குக் குடிவந்தது. வீட்டுக்குள் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். இன்றைக்கு உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பி.காம். படித்தவனுக்கு இந்த விஷயம் சுலபமாகப் புரியும். இது புது முதலீடு இல்லை, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றம். பின்மண்டை கொடுக்கிறது, முன்மண்டை வாங்குகிறது. மொத்த இருப்பில் ஒரு முடிகூட அதிகமாகாது. ஆனால், பின்மண்டை முடிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வழுக்கையைக் கொண்டுவரும் ஹார்மோனுக்கு அது லேசில் மசியாது. பிடுங்கி எங்கே நட்டாலும் பிறந்த இடத்துக் குணத்தை விடாது. 1939-லேயே ஜப்பானில் ஒகுடா என்ற டாக்டர் முடியை எடுத்து நட்டு, அதைப் பற்றி எழுதியும் வைத்தார். உலகப்போர் அமளியில் அது வெளியே தெரியவில்லை. 1952-ல் நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக், ஆண்களின் வழுக்கையில் நட்டுக் காட்டினார். அங்கே ஆரம்பித்த கதை இப்போது எங்கள் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். ரிசப்ஷனில் ஒரு பெண் சிரித்தபடி, ''எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சார், அவ்ளோதான்'' என்றார்.

எறும்புதான். ஆனால், ஒரு எறும்பு இல்லை, புற்று!

மரத்துப்போவதற்கான ஊசியைப் பின்மண்டை முழுக்க வரிசையாகப் போடுகிறார்கள். அப்புறம் நெற்றி. இருபது வரை எண்ணினேன், பிறகு முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். மண்டைத்தோலுக்கு அடியில் உடனே எலும்பு என்பதால் மருந்து இறங்கவே இடம் இல்லை. தோலைக் கிழித்துக்கொண்டு இறங்குகிற மாதிரி ஒரு எரிச்சல். கண்ணில் தானாகத் தண்ணீர் வந்தது. பத்து நிமிடம் இருக்கும். நியாயமாகச் சொன்னால், மொத்த ஆபரேஷனில் வலி என்று இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

மற்றதெல்லாம் சத்தம். குப்புறப் படுத்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாய் ஒன்று ஒவ்வொரு வேராகக் குடைந்து எடுக்கிறது. யாரோ நம் மண்டைக்குள் உட்கார்ந்து கற்கண்டு கடிக்கிற மாதிரி நறநறவென்று கேட்கிறது. மதியம் தலைக்கட்டோடு தயிர் சாதம். சாயங்காலம் வரை நடவு. நடுவில் மரத்த இடம் விழித்துக்கொள்ள, மறுபடி ஊசி. மொத்தம் 2,200 வேர்கள், எட்டு மணி நேரம்.

'வீட்டுக்குப் போகலாம்' என்றார்கள். எந்த வீட்டுக்கு? சென்னையில் ஆபீஸ்காரர்கள் கண்ணில் படக் கூடாது. லீவு போட்டுவிட்டு மறுநாள் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். தலையைச் சாய்க்கக் கூடாது என்பதால் சைடு பெர்த்தில் விடிய விடிய உட்கார்ந்தே வந்தேன்.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கியது. நான்காம் நாள் அந்த வீக்கம் மெதுவாகக் கண்ணுக்கு இறங்கியது. 'பூரி மாதிரி உப்பியிருக்கு' என்றாள் அம்மா. அஞ்சாம் நாளிலிருந்து அரிப்பு. நட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாகப் பொருக்கு. சொறிந்தால் வேர் கையோடு வந்துவிடும். சித்திரை வெயில், கரன்ட் கட், நாற்கரச் சாலையின் லாரிப் புழுதி. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஊசியைத் தாங்கிவிடலாம் சார், அரிப்பைத் தாங்க முடியாது.

ஆனால், அதைவிடப் பெரிய வலி வாசல் வழியாக வந்தது.

நான்கு வீடு தள்ளி இருக்கிற அத்தை. சொந்தம் இல்லை, ஆனாலும் அத்தைதான். வீங்கின முகத்தையும் தலைக்கட்டையும் பார்த்துவிட்டு, ''என்னய்யா இது? டோல்கேட்டுப் பக்கம் அடிபட்டுருச்சா?'' என்று அலறியது.

'இல்லை அத்தை, முடி நட்டுக்கிட்டேன்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் சொன்னது, ''ஆமா அத்தை, பைக்ல...''

''தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு'' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாளே தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப். நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளை. தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஒவ்வொருவரிடமும் அந்த விபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றிச் சொன்னேன். பத்திரிகைக்காரன் இல்லையா!

கிளம்புகிற அன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: ''உனக்குக் குணமானா பழநியில மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன். உன் முடியத்தான்!''

அம்மா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். பயல் விழுந்து விழுந்து சிரித்தான். ''அப்ப பெரிசா வலி இல்லேல சித்தப்பா? ஒரே நாள்ல 5,000 வேர் நடுறாங்களாம். புக் பண்ணிரவா?''

அப்போதுதான் எனக்குப் பகீர் என்றது. வலியைப் பற்றி மட்டும் பேசியது தப்பு.

2016 மே மாதம் சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட 22 வயது இளைஞர் இரண்டே நாளில் இறந்துபோனார். அவர் மருத்துவக் கல்லூரி மாணவர். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவருக்கே அந்தக் கதி. அந்த மையத்துக்கு இருந்தது அழகு நிலையம் நடத்துகிற அனுமதிதான் என்று பிறகு தெரிந்தது. 2019-ல் மும்பையில் 43 வயது தொழிலதிபர் ஒருவர் ஒரே மூச்சில் 9,000 வேர்களுக்கு மேல் நட்டுக்கொண்டு, இரண்டு நாளில் போய்ச்சேர்ந்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டு இதைச் செய்ய ஆரம்பிக்கக் கூடாது என்று அதில் எழுத வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள்.

ஆயிரம் ஆயிரம் பேர் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். ஆனால், இது முடிவெட்டு இல்லை, ஆபரேஷன். 'வலி இல்லை' என்பதை நாம் 'ஆபத்து இல்லை' என்று படித்துவிடுகிறோம். மரத்துப்போகிற மருந்து அளவு மீறினால் இதயத்தையே பாதிக்கும். ஊசி போடுகிறவர் யார், ஏதாவது ஆனால் காப்பாற்ற அங்கே என்ன வசதி இருக்கிறது? நோட்டீஸில் இதெல்லாம் போட மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

''இன்னொண்ணுடா. உனக்கு 24 வயசு. இன்னும் கொட்டிக்கிட்டு இருக்கு. முன்னால நட்டது நிக்கும், அதுக்குப் பின்னால இருக்கிற உன் முடி போயிரும். வறண்ட கண்மாய்க்குக் கரையில மட்டும் பனைமரம் நிக்கிற மாதிரி ஆயிரும். முதல்ல மதுரை பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாரு. மருந்துல நிக்குதான்னு பாரு. அவசரம் என்ன?''

''பொண்ணு வீட்ல போட்டோ கேட்டிருக்காங்க சித்தப்பா'' என்றான், தரையைப் பார்த்து. அப்புறம் நிமிர்ந்து, ''நீங்க ஏன் பண்ணிக்கிட்டீங்க?''

மேலே இருக்கிற போட்டோவுக்காகத்தான். நட்ட மூன்றாவது வாரம் அந்த முடியெல்லாம் கொட்டி பாத்ரூமில் சுருண்டு கிடந்தது. அப்படித்தான் கொட்டும், மூன்று நாலு மாதம் கழித்துத்தான் முளைக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இருந்தும் அன்றைக்கு ஈரத்தலையோடு உட்கார்ந்து அழுதேன். 'முருகனுக்குக் குடுத்தது ரெண்டு மாசத்துல வந்துரும். காசு குடுத்து நட்டதுக்கு இத்தனை நாளா?' என்றாள் அம்மா போனில். அவனிடம் அதைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

அத்தையின் நேர்த்திக்கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம், 'பழநிக்கு எப்பய்யா போற?' என்று கேட்கும். ஆபீஸ் வேலை என்பேன். நட்ட முடியை மழித்தாலும் திரும்ப முளைக்கும், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அதனால் அந்தச் சாக்கும் இல்லை.

இந்தப் பத்திரிகையை அத்தையின் பேத்தி வாராவாரம் வாங்குகிறாள். அத்தைக்கு வாசித்தும் காட்டுவாள்.

அத்தை, டோல்கேட்டில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சூப் நன்றாக இருந்தது. தை மாதம் வருகிறேன், சேர்ந்தே பழநிக்குப் போவோம்.