சோப்பு போட்டுக் கழுவிட்டீங்களா அமுச்சி?

எங்கம்மாவுக்கு அவிநாசி பக்கம் ஒரு கிராமம். ஐப்பசியில் போனால் வாசல் முழுக்கக் கடலைக்காய் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு மத்தியானம். பச்சைக் கடலைக்காயை உப்புப் போட்டு வேகவைத்து, திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். என் மகனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. அம்மா ஒரு பருப்பை விரலால் நன்றாக மசித்து, "இந்தா சாமி" என்று அவன் நாக்கில் வைத்தார். எனக்கும் என் தம்பிக்கும் அதே திண்ணையில் அப்படித்தான் ஊட்டியிருப்பார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதடு தடித்தது. கழுத்திலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பிறகு வாந்தி. "ஏதோ பூச்சி கடிச்சிருக்குமுங்க, விபூதி போடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதற்குள் அவன் இரும ஆரம்பித்தான். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் காரை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொடையில் ஒரு ஊசி. அட்ரினலின். சில நிமிஷங்களில் அந்த விசில் சத்தம் அடங்கியது. அடங்கினாலும் அன்று ராத்திரி வீட்டுக்கு விடவில்லை. சில குழந்தைகளுக்குச் சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை வரலாம் என்றார்கள். பிறகு தோலில் செய்யும் சோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். பால், முட்டை ஒன்றும் செய்யவில்லை. நிலக்கடலை மட்டும்தான் எதிரி.

கொங்கு நாட்டில் பிறந்த பிள்ளைக்குக் கடலைக்காய் ஆகாது என்றால், மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீன் ஆகாது என்கிற மாதிரிதான். சட்னியில் கடலை, பொரியலில் கடலைப் பொடி, தாளிக்கக் கடலெண்ணெய், கடைக்குப் போனால் கடலை மிட்டாய்.

முதல் தலைவலி பெயரில் வந்தது. நம்ம ஊரில் 'கடலை' என்றால் எத்தனை கடலை! நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப் பருப்பு, கடலை மாவு. "பையனுக்குக் கடலை ஆகாதுங்க" என்று நான் சொன்னதும் சொந்தக்காரர்கள் பஜ்ஜித் தட்டை ஒளித்து வைத்தார்கள். கடலை மாவு அவனுக்கு ஒன்றும் செய்யாது. பஜ்ஜி பொரித்த எண்ணெயைத்தான் நான் கேட்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் "மண்ணுக்குள்ள விளையுதில்லீங்க, தோடு உரிச்சுத் திங்கறது, அந்தக் கடலைக்காய்" என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய்தான் உடம்புக்கு நல்லது என்று பெருமையாக வாங்குகிற வீடு எங்களுடையது. ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையில் இருக்கும் புரதம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதம் அநேகமாக நீங்கிவிடும். செக்கெண்ணெயில் தங்கிவிடும். மற்றவர்களுக்கு எது நல்லதோ அதுவே என் பிள்ளைக்கு ஆபத்து! சரி, தேங்காயெண்ணெய்க்கு மாறலாம் என்று செக்குக்குப் போனேன். காலையில் கடலை, மத்தியானம் தேங்காய், இரண்டும் அதே செக்கில்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் மட்டும் ஆட்டும் இடம் கிடைக்கும்வரை பாக்கெட் எண்ணெய்தான்.

பாக்கெட்டில் ஒரு வசதி உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் வருஷ லேபிள் விதிகள்படி பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா போன்றவை சேர்ந்திருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் விலையையும் தேதியையும் மட்டும் பார்ப்பேன். இப்போது பொடி எழுத்தைப் படிக்காமல் எதுவும் கூடையில் விழாது. ஆனால் நம் பிள்ளைகள் தின்பதில் பாதி பாக்கெட்டில் வருவதில்லையே! பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிஸ்கட்டுக்கும், தள்ளுவண்டித் தின்பண்டத்துக்கும் லேபிள் ஏது? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஹோட்டலில் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. காந்திபுரத்தில் ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன், "இருங்கம்மிணி, கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போய், "வெள்ளைச் சட்னில கெட்டியா இருக்கட்டும்னு கொஞ்சம் போட்டிருக்காங்களாமுங்க. தம்பிக்குச் சாம்பார் மட்டும் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். அந்தக் கடைக்குத்தான் இப்போதும் போகிறோம்.

ஆயுத பூஜைதான் பெரிய பரீட்சை. கோயம்புத்தூரில் லேத் பட்டறை, பம்பு கம்பெனி, கடை கண்ணி எதன் வாசலைத் தாண்டினாலும் பொரி கொடுப்பார்கள். பொரியோடு அவல், பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, கூடவே நிலக்கடலை. குழந்தையைக் கண்டால் முதல் கை அவனை நோக்கித்தான் நீளும். வாங்காமல் வந்தால் அவர்களுக்கு மனசு கஷ்டம். போன வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தேன். பொட்டலத்தை நானே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போட்டுக்கொள்வேன். மகனுக்கு என் டப்பாவிலிருந்து தனிப் பொரி.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாமல் இருந்தது அம்மாவின் விஷயம்தான்.

அந்த ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, "என் கையாலதானே ஆச்சு" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பேரனுக்கு அவர் ஊட்டவே இல்லை. தூக்குவார், தூங்க வைப்பார், ஆட்டுக்குட்டியைக் காட்டப் போவார். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும், "நீயே ஊட்டு அம்மிணி" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். வருகிறவர்களை எல்லாம் "சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைக்கிற மனுஷி. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது என்பதால், "நீங்களே ஊட்டுங்கம்மா" என்று நான் அழுத்திச் சொன்னதில்லை. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

போன தை மாதம் டாக்டரைப் பார்க்க அம்மாவையும் கூட்டிப்போனேன். கிளம்பும்போது அம்மாவே கேட்டார்: "நான் சின்ன வயசுலயே கொடுத்ததாலதான் வந்துதுங்களா டாக்டர்?"

"இல்லைங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க பேரனுக்குக் கைக்குழந்தையிலயே கரப்பான் இருந்துச்சு. அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அது ஏற்கெனவே உள்ள இருந்துச்சு, அன்னிக்கு வெளிய தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

பிறகு ஒரு விஷயம் சொன்னார். லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2015இல் முடிவு வெளியானதாம். எல்லாருமே கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகள். பதினோரு மாதத்துக்குள்ளாகவே கடலையை ஆரம்பித்து, ஐந்து வயது வரை தவறாமல் கொடுத்த பிரிவில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் கடலை ஒவ்வாமை வந்தது. கொடுக்காமல் வைத்திருந்த பிரிவில் நூற்றுக்குப் பதினேழு. "அதனால சீக்கிரம் கொடுக்கற உங்க வழக்கத்துல தப்பு இல்லைங்க. இப்படிக் கரப்பான் இருக்கற குழந்தைக்கு மட்டும் எங்களைக் கேட்டுட்டு ஆரம்பிக்கோணும். எந்தக் குழந்தைக்கும் முழுப் பருப்பா மட்டும் கொடுத்துடக் கூடாது, தொண்டையில அடைச்சுக்கும்" என்றார். ஐந்தில் ஒரு குழந்தைக்கு வளர வளரச் சரியாகிவிடுவதும் உண்டாம். ஆனால் சரியாகிவிட்டதா என்று வீட்டில் கொடுத்துப் பார்க்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அம்மா கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப நான் ஊட்டலாமுங்களா?"

"தாராளமா. கடலைக்காய் தொட்ட கையா இருந்தா சோப்பு போட்டுக் கழுவுங்க. வெறும் தண்ணி பத்தாது. சானிடைசரும் பத்தாது, அது கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை எடுக்காது."

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். ஊருக்குத் திரும்பியதும் கிணற்றடியில் தனியாக ஒரு சோப்பு, தனியாக ஒரு துண்டு வந்துவிட்டது. பேரனுக்கென்று வாணலி, கரண்டி, தட்டு எல்லாம் தனி. கடலைக்காய் காயப்போடுவது வாசலை விட்டுக் களத்துக்குப் போய்விட்டது. அட்ரினலினை எப்படிப் போடுவது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டி, தம்பியிடம் இரண்டு தடவை படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். மருந்து வெயில் படாமல், காருக்குள் கிடக்காமல் என்னோடு பையிலேயே வரும். தடிப்போடு மூச்சுத்திணறலோ வாந்தியோ வந்தால் அரிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அட்ரினலினைப் போட்டு உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

மகனுக்கு இப்போது மூன்றேகால் வயது. யார் எதை நீட்டினாலும் "அம்மாவைக் கேட்டுட்டு வாங்கிக்கறனுங்க" என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தோம். அம்மா அரிசியும் பருப்பும் சாதம் செய்து, நெய் விட்டுப் பிசைந்து, திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் உருண்டையை எடுத்ததும் பையன் வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டீங்களா அமுச்சி?"

"கழுவிட்டனுங்க சாமி" என்று அம்மா இடது கையை அவன் மூக்கருகே நீட்டினார். முகர்ந்து பார்த்தான். பிறகு ஆவென்று வாயைத் திறந்தான்.