தெரிவும் தெளிவும்

கருவிலிருக்கும் சிசுவைப் பற்றி முன்கூட்டியே அறியத்தரும் பரிசோதனைகள் இன்று பல உள. தாயின் குருதியிலே சிசுவின் டி.என்.ஏ. கலந்திருத்தலை டெனிஸ் லோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1997 இல் வெளிப்படுத்தினர். 2011 முதல் அதனடிப்படையிலான சோதனை விற்பனைக்கும் வந்துவிட்டது. விஞ்ஞானத்தின் இவ்வேகத்துக்கு எமது மருத்துவமனைகளின் பேச்சு ஈடுகொடுக்கின்றதா என்பதே என் ஐயம்.

சென்ற வருடம் என் தமக்கையார் முதன்முறை கருவுற்றிருந்தார். பன்னிரண்டாம் வாரத்திலே தனியார் மருத்துவமனையொன்றில் குருதிச் சோதனையும், சிசுவின் பிடரியிலுள்ள திரவப் படையை அளக்கும் ஸ்கேனும் செய்யப்பட்டன. டவுன் நிலைக்கு 1:200 என ஆங்கிலத்தில் அச்சிட்ட துண்டொன்று கைக்கு வந்தது. “ஆபத்துக் கூட” என்ற இரு சொற்களோடு வைத்தியரின் விளக்கம் முடிந்தது. வெளியே நீண்ட வரிசை. அவரை மட்டும் நோவதற்கில்லை.

“அப்ப பிள்ளைக்கு இருக்கெண்டுதானே சொல்லுறாங்கள்?” என்று அக்கா கேட்டார். இரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லை. எங்கள் பகுதி மருத்துவிச்சியம்மாதான் அக்கணக்கைத் தமிழாக்கினார்: “இப்பிடித் துண்டோட இருநூறு தாய்மார் வந்தா, நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரின்ர பிள்ளையளுக்கு அது இல்லை.”

அதே எண்தான், ஆயின் அக்காவின் முகம் மாறிற்று. கணிதத்திலே நாம் ‘நிகழ்தகவு’ என வழங்குவது மருத்துவமனையிலே ‘ஆபத்து’ ஆகிவிடுகின்றது. பிரித்தானியாவின் சுகாதார சேவையினர்கூட இவ்விடத்தில் ‘ஆபத்து’ என்பதைத் தவிர்த்து ‘வாய்ப்பு’ எனும் பொருள்படும் சொல்லையே கையாள்கின்றனர். மொழி பயிலும் எமக்கு இது சிறு செய்தியன்று.

வடித்தெடுக்கும் சோதனை வேறு. நோயறியும் சோதனை வேறு. முன்னையது எவரை மேலும் ஆராயலாம் என்றே காட்டும். டி.என்.ஏ. சோதனையும் அவ்வகையினதே. அதிலே அகப்படும் டி.என்.ஏ. பெரும்பாலும் சூல்வித்தகத்திலிருந்து வருவது. ஆதலின் அது சில வேளை பிழைபடலாம். நிறமூர்த்தங்களை உறுதியாகக் காண, பதினைந்தாம் வாரத்தின் பின் அம்னியன் பாய்பொருளை ஊசியால் எடுத்தல் வேண்டும். அதனாற் கருச்சிதைவு நேர்தலும் உண்டு, அரிதாக எனினும்.

உறுதியாக அறிந்தபின் என்ன? இதனைப் பேச எவரும் விரும்புவதில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருக்கலைப்பு இந்நாட்டிற் குற்றமாகும். அச்சட்டம் பற்றிய விவாதம் தனியே நிகழ்த்தற்குரியது. ஆயினும் ஊசிக்குக் கையொப்பமிடுமுன்னரே தாய் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அறிதலாற் பயனில்லை என்பது என் கருத்தன்று. டவுன் நிலையுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இதயக் குறைபாடு உண்டு. முன்னறிந்தால் தக்க மருத்துவமனையிற் பிரசவத்தை ஒழுங்கு செய்யலாம். அக்கா ஊசியை விரும்பவில்லை. பின்னர் இதய ஸ்கேன் மட்டும் போதுமென்றார். வேறொரு தாய் உறுதியாக அறிந்தே நிம்மதி பெறுவார். இரண்டும் நியாயமே.

எல்லாச் சோதனைகளையும் இவ்வாறு தாயின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்பதன்று என் வாதம். சிபிலிசு, எச்.ஐ.வி. என்பவற்றுக்குச் சிகிச்சையுண்டு. அவை தாயிலிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்தமைக்காக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்குச் சான்றளித்தது. அவற்றை வற்புறுத்திச் சொல்லல் தகும். நிறமூர்த்தச் சோதனையை அதே குரலிற் சொல்லுதல் தகாது. மருத்துவபீட நண்பர்களும் நாமும் சேர்ந்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் அரைப்பக்கத் தமிழ்த் துண்டொன்றை எழுதிவிடலாம். “இதனைச் செய்யாது விடவும் உங்களுக்கு உரிமையுண்டு” என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும்.