ரத்தம் ஏற மாத்திரை போட்டும் ஏறவில்லையா? வலி மாத்திரையைக் கொஞ்சம் கவனியுங்கள்!

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தூக்குவாளியில் சோறு, சுருக்குப்பையில் வெற்றிலை. சிலரிடம் கூடவே ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும்.

ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்து பறித்தால் இடுப்பும் முழங்காலும் சும்மா விடுமா? மெடிக்கலில் 'உடம்பு வலிக்கு' என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வலியை அடக்கிவிடும். என்றோ ஒருநாள் போட்டால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால்தான் வினை.

வலியைத் தூண்டும் அதே சுரப்புதான் இரைப்பையின் உள்தோலை அமிலத்திலிருந்து காக்கிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது. அதனால் புண் வந்து, சிலருக்கு வயிற்றுவலியே இல்லாமல் ரத்தம் கசியும். 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒருநாளில் எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். தினமும் 10 மில்லி கசிந்தால் கணக்கு எங்கே தேறும்? மேடேறினால் மூச்சு வாங்கும், கிறுகிறுக்கும். 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. சத்துக்குறைவும் மாதவிடாயும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள். எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. ஆனால், மாதவிடாய் நின்றவருக்கும் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால், ரத்தம் எங்கே போகிறது என்று தேடத்தான் வேண்டும்.

மலம் கறுப்பாகப் போவது ஓர் அடையாளம். இதில் ஒரு குழப்பம் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும். தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது ரத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் வேறு வழியில் வேலையைக் காட்டும். பல வருடங்கள் சாப்பிடும் சிலருக்கு பி12 சத்து குறையும். ரத்தசோகையோடு கால் மதமதப்பும் வரலாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை போதும்.

போடி அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது, சுருக்குப்பையில் இருக்கும் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. காலி அட்டையைக் காட்டினாலே டாக்டருக்குப் புரிந்துவிடும்.