வந்த மின்சாரம் திரும்பும் வழி

விளக்கு எரியவில்லை என்று ஒயர்மேனை அழைப்பவர்கள், ‘கரண்ட் வருகிறதா, பாருங்கள்’ என்று கேட்கிறார்களே ஒழிய, வந்த மின்சாரம் ஒழுங்காகத் திரும்பிப் போகிறதா என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் மனிதரை மிகவும் மயங்கவைக்கிற கோளாறுகள், என் அனுபவத்தில், பெரும்பாலும் அந்தத் திரும்பும் வழியாகிய நியூட்ரலிலேயே இருந்திருக்கின்றன.

பேஸ் அறுந்தால் விளக்கு அணைவதோடு சங்கதி முடிந்துவிடும். நியூட்ரல் அறுந்தாலோ, விளக்கு எரியாத வீட்டில் பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரியும். அணைக்காமல் விட்ட ஏதோ ஒரு மின்விசிறியின் வழியாகப் பேஸே சுற்றிக்கொண்டு வந்து மறுதுளையில் நிற்கிறது என்பதை அறியாத கிருகஸ்தர், ‘இரண்டிலும் கரண்ட் இருக்கிறதே!’ என்று திகைப்பார். சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால், அத்துளையின் ஒளி தானே மறைந்துவிடும். ஆகையால் டெஸ்டரைக் காட்டிலும், இரண்டு ஒயர் கோத்த 40 வாட் குண்டு பல்பையே நான் பிரமாணமாகக் கொள்ளுகிறேன்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எரியாத பல்பு, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் எரிந்ததாயின், குற்றம் நியூட்ரலுடையது. எர்த்துக்கு 30 மில்லியாம்பியர் கசிந்தாலே தானே அணைகிற ஆர்.சி.சி.பி. சுவிட்சு உள்ள வீட்டில் இந்தப் பரிசோதனையை அதற்கு முன்புறத்தில்தான் செய்ய வேண்டும். பின்புறத்தில் செய்தால் அது உடனே விழுந்துவிடும்.

பழைய வீடுகளில் நியூட்ரலிலும் தனியே ஒரு பியூஸ் கட்டை இருப்பதுண்டு. அது போய்விட்டால் வீடெங்கும் பேஸ் நிற்க, மின்சாரமே இல்லாதது போன்ற தோற்றம் உண்டாகும். அந்த அபாயம் கருதியே 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

மூன்று பேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டுப்போவது எல்லாவற்றிலும் விபரீதமானது. 230 வோல்ட் பெற வேண்டிய அறைகள், இரு பேஸ்களுக்கு இடையேயுள்ள சுமார் 400 வோல்ட்டைத் தமக்குள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக்கொள்ள, ஹீட்டர் ஓடுகிற பக்கம் விளக்கு மங்கும். ஒற்றை விளக்கு எரிகிற பக்கமோ கண்கூசப் பிரகாசிக்கும். பியூஸ் போகாமலே டெலிவிஷன் கருகும். இந்த லட்சணத்தைக் கண்டவர், காரணம் ஆராய்வதற்கு முன்பு மெயினை அணைப்பதே விவேகம்.

காரணம் அற்பமானதாகவே இருக்கும். கம்பத்திலிருந்து வருகிற அலுமினியக் கம்பியும் வீட்டின் செப்புக் கம்பியும் கூடுமிடத்தை, லைன்மேன் மின்சாரத்தை நிறுத்தியபின் பிரித்துப் பார்த்தால், மழை ஈரத்தில் அரித்த அலுமினியம் வெண்பொடி பூத்திருக்கும். தளர்ந்த திருகைச் சுற்றிலும் ஒயரின் மேலுறை பழுப்பேறி உதிரும்.

மீட்டருக்கு முன்புறம் கைவைக்க எனக்கு அதிகாரமில்லை. லைன்மேனோ அகாலத்தில் வருவது அரிது. ‘இன்றிரவுக்கு மட்டும் எர்த்தையே நியூட்ரலாகக் கொடுத்துவிடுங்கள், அண்ணே’ என்று அப்போது கெஞ்சுவார்கள். எர்த்தில் பல்பு எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவ்விதம் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் எர்த் குழி வறண்டிருந்தால், அவ்வழியே இறங்க முடியாத மின்சாரம், அதே கம்பியில் கோத்திருக்கும் பிரிட்ஜின் இரும்பு உடம்பில் ஏறி நிற்கும். ஆகவே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புறப்படுவதையே தொழில் தர்மமாகக் கொண்டிருக்கிறேன். அன்றிரவு அவர்களிடம் வாங்கும் வசையும் கூலியில் சேர்த்திதான்.